பிறந்த இடம் என்ற கட்டம்

வக்கீலம்மா வாய் திறப்பதற்குள் விளக்குக்காரரின் மைத்துனன் முந்திக்கொண்டான். "பதினோரு வருஷம் அந்தத் தீவுல லைட்ஹவுஸ் பாத்தவரு எங்க மச்சான். அந்த நாட்டுக்காரன் ஒருத்தன் கால் வெச்சிருப்பானா? அவரையே கேளுங்க." சர்வதேச நீதிமன்றமே தன் வாயைப் பார்த்துக் காத்திருப்பதுபோல் நெஞ்சை நிமிர்த்தினான். படகுக்காரன். தீவு கைவிட்டுப் போனால் மீனும் போச்சு, பிழைப்பும் போச்சு.

தீவு எந்த நாட்டுக்கு என்ற வழக்குக்கான வாக்குமூலத்தில் இருந்தது ஒரே சங்கதி: அந்நிய அரசு எதுவும் தீவில் அதிகாரம் செலுத்தியதில்லை. கீழே விளக்குக்காரர் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்.

"அதுக்கு முன்னாடி இதைப் பாத்துடுங்க ஐயா." வக்கீலம்மா ஒரு நகலை வைத்தார். "எதிர்த்தரப்பு நேத்து தாக்கல் பண்ணது. தீவுல பொறந்த ஒரு கொழந்தைய அவங்க நாட்டுப் பதிவேட்டுல பதிஞ்சிருக்காங்க. பேரை மறைச்சுட்டாங்க, அப்பா கையெழுத்து கிறுக்கலா இருக்கு. இது நெஜம்னா, தீவை அவங்கதான் நிர்வாகம் பண்ணாங்கன்னு ஆயிடும். உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

தெரியாமலா? மனைவி இரண்டு நாள் வலியில் துடித்தபோது, கடல் தணிந்ததும் படகு அனுப்புகிறோம் என்று வயர்லெஸ்ஸில் சொன்னார்கள் நம் ஆட்கள். எதிர்நாட்டு ரோந்துப் படகுதான் ஒரு மணி நேரத்தில் டாக்டரோடு வந்து நின்றது. சமையலறையிலேயே பிரசவம். மறுநாள் அதிகாரி நீட்டிய தாளில், பிறந்த இடம் என்ற கட்டத்தில் அவர்கள் நாட்டின் பெயர் முன்பே அச்சாகியிருந்தது. அவசரத்தில் படிக்கவில்லை என்று இருபத்துநான்கு வருடமாகத் தனக்குத்தானே சால்ஜாப்பு சொல்லி வந்தார். படித்தார். இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். ஊருக்கு வந்ததும், நம் படகுதான் வந்தது என்று புருஷனும் பெண்டாட்டியும் கூசாமல் சொல்லிவிட்டார்கள். அக்காவைக் காப்பாற்றிய அந்தப் படகை மைத்துனன் இன்றைக்கும் வாயார வாழ்த்துவான். அதைக் கேட்கும்போதெல்லாம் அவருக்கு உடம்பு குன்றிப்போகும்.

மைத்துனன் நகலை இழுத்துப் பார்த்தான். விரல் தேதியில் நின்றது.

"மச்சான், இது நம்ம பாப்பா பொறந்த தேதி."

குனிந்திருந்த அவர் தலை ஆமென்று அசைந்தது.

"அன்னிக்கு வந்தது அவங்க படகா? அவங்க வரலன்னா?"

"ரெண்டு உசிரும் போயிருக்கும், மாப்ள."

வக்கீலம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஐயா, இது உங்க கையெழுத்தா?"

அவர் வாக்குமூலத்தைத் தன் பக்கம் நகர்த்தினார். இந்தப் பொய்யையாவது மைத்துனனுக்காகச் சொல்லித் தொலைக்கலாம் என்று தோன்றியது. பேனாவைத் திறந்தார். முனை தாளைத் தொடும் முன்பே மைத்துனன் அதை அவர் கையிலிருந்து உருவி, மூடியைப் போட்டு, தன் சட்டைப் பையில் செருகிக்கொண்டான். மச்சானின் முகத்தை மட்டும் அவன் பார்க்கவே இல்லை.