இரண்டு புள்ளியும் காட்டரிசி சூப்பும்

"என் நாலாம் அத்தியாயத்துக்கு ஏன்டா பூட்டுப் போட்ட? சொல்லு!"

"நான் தொடவே இல்ல மாரிட். கத்தாத, கீழ்மாடி வரைக்கும் கேக்குது."

"கேக்கட்டும்! நேத்து நல்லாத்தான் திறந்துச்சு. இன்னிக்கு 'அனுமதி இல்லை'ங்குது. நான் எழுதினதுக்கு எனக்கே அனுமதி இல்லையா?"

கீழ்மாடிக்குக் கேட்டதோ என்னவோ, எனக்கு நன்றாகவே கேட்டது. நிலவியல் துறை அலுவலகத்தில் என் மேசை, கணினி அறைக்கு நேர் எதிரே. வெப்பக் குழாயின் சூடு தாங்காமல் மினசோட்டாக் குளிரிலும் கதவைத் திறந்தே வைத்திருப்பேன். அதற்கு வேறு காரணம் இருப்பதாகச் சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

மாரிட் ஹால்வர்சன், பனிப்பாறைகள் விட்டுப்போன கூழாங்கற்களைப் பற்றி ஐந்து வருடமாக ஆராய்ச்சி செய்தவள். வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தால் அலாஸ்காவில் வேலை. தவறினால் அந்த வேலை வேறு யாருக்கோ. அன்று புதன்கிழமை.

அவளிடம் திட்டு வாங்கியவன் டுவேன் கோபெக்கி, எங்கள் பழைய யூனிக்ஸ் கணினியின் காவலன். துணி துவைக்கும் எந்திரங்கள் இரண்டை ஒட்டவைத்ததுபோல் இருக்கும் அந்த ஒரே கணினியில்தான் துறை முழுக்க எழுதியது. அவரவர் கோப்புகளை அவரவர்தான் திறக்க முடியும். எல்லாப் பூட்டையும் திறக்கிற கடவுச்சொல் டுவேனிடம் இருந்தது. அந்தப் பெருமையில் அவன் நடையே சற்று மாறியிருந்தது. அதே கடவுச்சொல்லை, துறைத் தலைவர் என்ற முறையில், பேராசிரியர் லுண்ட்கிரெனும் அடம்பிடித்து வாங்கி வைத்திருந்தார்.

டுவேன் விசைகளைத் தட்டினான். நான் ஒரு கோப்பை காபியோடு போய் நின்றுகொண்டேன். மனிதர்களுக்குக் காபி தேவைப்படும் அல்லவா?

திரையில், அத்தியாயத்தின் உடைமையாளர் என்ற இடத்தில் லுண்ட்கிரென் பெயர்.

"என் ஆய்வைத் திருடிட்டாரா அந்த மனுஷன்!" என்றாள் மாரிட்.

மதியத்துக்குள் கட்டடம் முழுக்க இதே பேச்சு. நான் இரண்டு பேரிடம்தான் சொன்னேன்.

ஆனால் டுவேன் தேடத் தேட, எல்லாருடைய கோப்பும் அவர் பெயரில்தான் இருந்தது. என் விடுமுறை விண்ணப்பம்கூட. பேராசிரியரை வரவழைத்தோம்.

"என் கோப்புங்களை மட்டும்தான்பா என் பேருக்கு மாத்தினேன். புள்ளியில தொடங்குமே, கண்ணுக்குத் தெரியாம இருக்கற கோப்புங்க, அதுங்களைத்தான். புள்ளியில தொடங்கறது எல்லாம், அதுக்குள்ள இருக்கறதும் சேர்த்துன்னு சொன்னேன். அதுல என்ன தப்பு?"

"சார், ரெண்டு புள்ளி வெச்சா உங்க அடுக்குக்கு மேல இருக்கற பொது அடுக்கு" என்றான் டுவேன். " அதுவும் புள்ளியிலதானே தொடங்குது? அங்கதான் எல்லாரும் குடியிருக்கோம். உங்க வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சொன்னீங்க, அது தெரு முழுக்க அடிச்சுட்டு வந்திருக்கு."

பேராசிரியர் தன் காபிக் கோப்பைக்குள் எதையோ தேடினார்.

"எல்லாருக்கும் திருப்பிக் குடுக்கற வேலையை இப்பவே ஓட விடறேன். முடியறவரைக்கும் யாரும் எதையும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு டுவேன் சாப்பிடப் போனான்.

மாரிட்டின் திரை அசையாமல் நின்றது. உட்கார்ந்தாள், எழுந்தாள், நகத்தைக் கடித்தாள். பிறகு நேராகக் கணினி அறைக்குள் போய்ச் சுவரில் இருந்த பெரிய சுவிட்சை அணைத்தாள். எந்திரம் நீளமாக மூச்சு விட்டு அடங்கியதும் திரும்பப் போட்டாள். பாதி சாண்ட்விச்சோடு டுவேன் ஓடிவந்தான்.

"வட்டுல எழுதிக்கிட்டு இருக்கும்போது சுவிட்சை அணைப்பாங்களா? உனக்கு மூளை இருக்கா?"

"எங்க வீட்டு டிவி அப்படித்தான் சரியாகும்!"

கணினி மறுபடி எழுந்து, தன் வட்டைத் தானே சோதித்து, உடைந்ததையெல்லாம் ஒட்டலாமா ஒட்டலாமா என்று கேட்டுக்கொண்டே இருந்தது. டுவேன் எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டான். முடிந்ததும் பார்த்தால், நாலாம் அத்தியாயத்தைக் காணோம்.

மாரிட்டின் குரல் இறங்கிவிட்டது. "டேப்புல நகல் இருக்கும்ல? வாராவாரம் எடுக்கறேன்னு மார்தட்டினியே."

டுவேனின் காது சிவந்தது. டேப்பில் இருந்தது விண்கப்பல் விளையாட்டு. இடம் போதாமல் பழையதை அழித்திருந்தான்.

இப்போது அவன் முகத்தில் பெருமை எதுவும் இல்லை. பெயர் இழந்த கோப்புகளைக் கணினி வெறும் எண் போட்டு ஒரு மூலையில் கொட்டி வைக்குமாம். அவன் கடவுச்சொல்லுக்கு மட்டும் திறக்கும் மூலை. அங்கே நூற்றுக்கணக்கில் கிடந்தன.

"உன்னைத் தவிர வேற யாரும் எழுதாத வார்த்தை ஒண்ணு சொல்லு."

"வாத்துமூக்கு ஓடை."

அவள் கல் பொறுக்கிய ஓடை அது. அந்தப் பெயர் வருகிற துண்டுகளையெல்லாம் கணினியைத் தேடச் சொன்னான். ஒவ்வொன்றாக அகப்பட்டன. வியாழன் முழுக்க இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தைத்தார்கள். "அடுத்தது", "இது இல்ல" என்பதற்கு மேல் ஒரு பேச்சு கிடையாது. வெள்ளியன்று அச்சடித்து, பேராசிரியரும் மற்ற தேர்வாளர்களும் கையெழுத்துப் போட்டு, ஏடு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

வசந்தத்தில் நூலகத்தில் அதைப் புரட்டினேன். நாலாம் அத்தியாயத்தில், கூழாங்கற்களின் சாய்வுக்கு நடுவே இப்படி ஒரு வரி: "காட்டரிசியை முந்தின நாளே ஊறவை. பன்றிக்கொழுப்பு உருகியதும் செலரியைப் போடு." உறைந்த ஏரியில் மீன் பிடிக்கப் போகும்போதெல்லாம் லுண்ட்கிரென் பீற்றிக்கொள்ளும் அதே சூப். உடைந்த வட்டில் அவர் துண்டும் இவள் துண்டும் ஒட்டிக்கொண்டிருந்திருக்கின்றன. அத்தனை பேர் படித்து ஒப்புதல் கொடுத்த ஏடு. அவரும்தான்.

அந்தக் கடவுச்சொல் இப்போது அவரிடம் இல்லை. சுவிட்சுக்குக் கண்ணாடி மூடி போடப் பராமரிப்புப் பிரிவிலிருந்து பெவ் துவோமெலா என்ற மின்பணியாளர் வந்தாள். நாலே திருகாணி, அதற்கு மூன்று முறை வந்தாள், மூன்றாவது முறை உதட்டுச்சாயத்தோடு.

மாரிட்டும் டுவேனும்தான் சேருவார்கள் என்று நான் சுடும் ஆப்பிள் பை ஒன்றைப் பந்தயம் கட்டித் தோற்றேன். மாரிட் அலாஸ்காவுக்குப் போய், அங்கே சிறு விமானம் ஓட்டுகிற ஒருவனைக் கட்டிக்கொண்டாள். டுவேனுக்கும் பெவ்வுக்கும் ஜூனில் கல்யாணம். விருந்தில் லுண்ட்கிரெனின் சூப்தான், உப்பு கொஞ்சம் தூக்கல். இலையுதிர் காலத்தில் இருவரும் ஃபார்கோ நகரத்துக்குக் குடிபோனார்கள்.