தொட்டுக்கொள்ள ஒரு கிண்ணம்

1

இந்தக் கதை எனக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடியக்கா வந்து கதவைத் தட்டி, "உன்கிட்ட பீட்டர் இருக்கா?" என்று கேட்டாள். யாரோ பீட்டர் என்கிற ஆளைத் தேடுகிறாள் என்று நினைத்து, "அப்படி யாரும் இங்க வரலியே அக்கா" என்றேன்.

அவள் கேட்டது வெண்ணெய், முட்டையெல்லாம் கையில் பிடித்து அடிக்கிற மெஷினை. ஆசைப்பட்டு வாங்கி, அலமாரியின் மேல்தட்டில் போட்டு, நான் மறந்தே போயிருந்த பொருள்.

மாடியக்கா என் தலைக்கு மேலே குடியிருப்பவள். ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். ஐம்பதைத் தாண்டிவிட்டாள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காலையில் அவள் நாற்காலி நகர்த்துகிற சத்தம்தான் எனக்கு அலாரம்.

"சாயந்திரம் அவரோட பொண்ணு வர்றா" என்றாள்.

அவர் என்றால் கண்ணாடிக்காரர். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், மனைவியை இழந்தவர். இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று பேசி வைத்திருந்தார்கள். வெளியூரில் வேலை பார்க்கும் ஒரே மகளிடம் அவர் போனில் விஷயத்தைச் சொல்ல, அவள் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. "வந்து பாக்கறேன்" என்றிருக்கிறாள்.

"நீயும் வாயேன். நாலு பேரா இருந்தா பேச்சு நின்னுபோனாலும் யாருக்கும் தெரியாது" என்றாள் அக்கா.

உதவி செய்யப் போனேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். வேடிக்கை பார்க்கத்தான் போனேன்.

2

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"கிண்ணத்தில் வெண்ணெய் ஒரு ரகசியத்தைப் போல இளகிக்கொண்டிருந்தது." — வேண்டாம். வெண்ணெய்க்கு என்ன ரகசியம்? வெயில் அடித்தது, இளகியது.

"வாசலில் அவள் செருப்பைக் கழற்றிய விதத்திலேயே தெரிந்துவிட்டது, இவள் சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று." — இதுவும் வேண்டாம். இது மகள் வருவதற்கு முன்பே, படியேறும்போது நான் மனதில் எழுதி வைத்துக்கொண்ட வாக்கியம். ஆளைப் பார்க்காமலே எழுதிவிட்டு அதற்கு ஏற்ற மாதிரி ஆள் வருவாள் என்று காத்திருந்திருக்கிறேன். இதை அடிக்காமல் அப்படியே விட்டுவைக்கிறேன். எழுதுகிறவர்களை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று உங்களுக்கும் தெரியட்டும்.

மூன்றாவது தொடக்கம்தான் நீங்கள் படித்த பீட்டர்.

3

அக்காவுக்குச் சமையல் அவ்வளவாக வராது. பிஸ்கட்டைத் தொட்டுச் சாப்பிடுகிற சாக்லேட் டிப் என்று அவள் முடிவு செய்ததற்கும் அதுதான் காரணம். "அடுப்பும் வேண்டாம், அவனும் வேண்டாம். இத்தனை வருஷமா நான் இருந்த மாதிரியே" என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

(பீட்டருக்குப் பிறகு இப்போது ஓவன். சிலேடை இரண்டாகிவிட்டது. இரண்டாவது அக்காவுடையது, என் தலையில் கட்டாதீர்கள்.)

கிரீம் சீஸையும் வெண்ணெயையும் கிண்ணத்தில் போட்டு அடித்தோம். மெஷின் முதலில் முக்கி முனகி, பிறகு ஓடியது. வெண்மையாகப் பொங்கி வந்ததும் சர்க்கரைத் தூள், கொஞ்சம் பால், ஒரு சிட்டிகை உப்பு. கடைசியில் கோகோ.

"சலிச்சுப் போடுங்க அக்கா, கட்டி விழும்."

"யாரு கண்டுபிடிக்கப் போறா?" என்று டப்பாவை அப்படியே கவிழ்த்தாள். பழுப்புப் புகை எழும்பி இரண்டு பேரும் தும்மினோம். பிறகு கிண்ணத்துக்குள் நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். முதலில் அழுக்குத் தண்ணீர் மாதிரி, அப்புறம் மண் மாதிரி, திடீரென்று ஒரு சுற்றில் சாக்லேட். எந்தச் சுற்றில் அது சாக்லேட் ஆனது என்று எவ்வளவு உற்றுப் பார்த்தும் என்னால் பிடிக்க முடியவில்லை.

கிண்ணத்தை ஃபிரிட்ஜில் வைத்துக் கதவை மூடியபடி அக்கா சொன்னாள்: "அவ முகத்துல ஒரு சின்னச் சுளிப்பு தெரிஞ்சாலும் நான் விலகிடுவேன். அவர்கிட்டயும் சொல்லிட்டேன். இன்னொரு பொண்ணு மனசைக் கஷ்டப்படுத்தி எனக்கு ஒரு கல்யாணம் வேண்டாம்."

விளையாட்டாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு ஆப்பிள் நறுக்கப் போய்விட்டாள்.

4

(இந்தப் பகுதியைத் தாண்டிப் போனாலும் கதை புரியும்.)

டிப் என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது? "தொட்டுக்க என்ன இருக்கு?" என்று நாம் கேட்காத வீடு கிடையாது. ஆனால் நமக்குத் தொட்டுக்கொள்வது துணைக்கு வருவது, தட்டில் இருப்பதுதான் சாப்பாடு. இதில் எல்லாம் தலைகீழ். பிஸ்கட்டும் ஆப்பிளும் வெறும் சாக்கு. தொட்டுக்கொள்வதுதான் பலகாரம். அது நடுவில் இருக்கும், எல்லோரும் குனிந்து அதனிடம் போகவேண்டும். குனிகிற இடத்தில் தலைகள் பக்கத்தில் வரும். அக்கா அதை நம்பித்தான் செய்தாள் என்று எழுத ஆசை. ஆனால் அவள் அப்படிச் சொல்லவில்லை.

5

மகள் வந்தாள். செருப்பைச் சாதாரணமாகத்தான் கழற்றினாள். முப்பது வயதிருக்கும். அப்பாவைப் போலவே எதையும் ஒரு கணம் கூடுதலாகப் பார்க்கிற கண். ஏதோ லேபில் வேலை என்பது வரைக்கும்தான் அக்காவுக்குத் தெரியும்.

அவள் பேசியதை நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். "வீடு நல்லா இருக்கு", "பஸ்ல கூட்டம்", "தண்ணி போதும்." எந்த வாக்கியத்திலும் அக்காவை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. நம் மொழியில் இது சுலபமில்லை. அக்கா, அத்தை, ஆன்ட்டி, மேடம் என்று ஏதாவது ஒன்று வாயில் வந்து விழுந்துவிடும். அவள் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போனாள்.

கிண்ணம் வந்தது. சுற்றிலும் பிஸ்கட், ஆப்பிள், வாழைப்பழத் துண்டுகள். கண்ணாடிக்காரர் முதலில் குனிந்தார். ஒரு பிஸ்கட்டைத் தொட்டுக் கடித்தார். "பிரமாதம்!" என்றார். கடித்த மீதியை மறுபடி கிண்ணத்துக்குள் விட்டார்.

மகள் கண்ணை மூடித் திறந்தாள். பிறகு, "எனக்கு ஒரு தனித் தட்டு கிடைக்குமா?" என்றாள்.

அக்கா தட்டு கொண்டுவந்து கொடுத்தாள். மகள் அப்பா கை படாத ஓரமாகப் பார்த்து ஒரு ஸ்பூன் எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டு, சாய்ந்து உட்கார்ந்தாள்.

அவ்வளவுதான் நடந்தது. நாலு பேர் இருந்தும் பேச்சு நின்றது நன்றாகவே தெரிந்தது. கண்ணாடிக்காரர் மட்டும் தொட்டுக்கொண்டே இருந்தார்.

6

இந்த இடத்தில் முதல் பிரதியில் ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தேன். அந்தத் தட்டு ஒரு வேலி, ஒரு எல்லைக்கோடு, இறந்துபோன தாயின் சார்பில் மகள் கொடுத்த— போதும். அந்தப் பக்கம் இப்போது இல்லை. நன்றாக எழுதப்பட்ட பக்கம்தான். தப்பான பக்கம் என்பதுதான் அதில் குறை.

7

அக்கா தண்ணீர் எடுக்கிற சாக்கில் சமையலறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். குழாயைத் திறந்துவிட்டு, கழுவி வைத்திருந்த டம்ளரையே மறுபடி கழுவினாள்.

"முடிஞ்சுது" என்றாள்.

"என்ன முடிஞ்சுது?"

"தட்டு கேட்டா, பாத்தியா? இதுக்கு மேல ஒருத்தி எப்படிச் சொல்லுவா?"

அதற்குள் மகள் தட்டோடு உள்ளே வந்தாள். அக்கா குழாயை மூடினாள்.

"பிடிக்கலைன்னா நேராவே சொல்லிடும்மா. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

"டிப்பைக் கேக்கறீங்களா, உங்களையா?"

"ரெண்டையும்தான்."

"டிப்ல கட்டி இருக்கு. கோகோவைச் சலிக்காம போட்டிருக்கீங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஃபிரிட்ஜ் பக்கமாக ஒதுங்கினேன்.

"உங்களைப் பத்திச் சொல்ல எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள் மகள். "தெரிஞ்சுக்கலாம்னுதான் வந்தேன். அதுக்குள்ள நீங்களே முடிவு பண்ணிட்டா எப்படி? உங்களை என்னன்னு கூப்பிடறதுன்னே இன்னும் பிடிபடலை. பஸ்ல வர்றப்ப பூரா அதைத்தான் யோசிச்சேன்."

"அப்ப அந்தத் தட்டு?"

மகளுக்கு முதலில் புரியவில்லை. கையிலிருந்த தட்டைப் பார்த்தாள். "இதுவா? ஹோட்டல் சாப்பாட்டுல, தண்ணியில கிருமி இருக்கான்னு பாக்கறதுதான் என் வேலை. எச்சில் பட்டது என்னவா வளரும்னு தினமும் கண்ணால பாக்கறேன். எங்க அம்மா தட்டுலருந்துகூட நான் எடுத்துச் சாப்பிட்டதில்லை. இந்த அப்பா வேற, கடிச்சதையே உள்ள விடறார்!"

அக்கா மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அப்ப என்மேல கோபம் இல்லையா?"

"இருக்கு" என்றாள் மகள்.

கதையை நானாகக் கற்பனை செய்து எழுதியிருந்தால் இந்த 'இருக்கு' வந்திருக்காது. தட்டு விஷயம் தெளிந்ததும் எல்லோரையும் சிரிக்க வைத்து அனுப்பியிருப்பேன்.

"அப்பாவுக்குத் தோள் இறுகிப்போயி கையே தூக்க முடியாம இருந்திருக்கு. எனக்கு எப்ப தெரிஞ்சுது தெரியுமா? கல்யாண விஷயத்தைச் சொன்னாரே, அன்னிக்கு. எப்படிப் பழக்கம்னு கேட்டா, தோள் வலிக்கு ஆஸ்பத்திரி போனேன்ங்கறார். தலை வாரக்கூட கை எழும்பலையாம். நான் போன் பண்றப்ப எல்லாம் 'நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்'தான். பெத்த பொண்ணுகிட்ட சொல்லாத வலியை உங்ககிட்ட வந்து சொல்லிருக்கார்." குரல் இறங்கியது. "அதை என்னால ஜீரணிக்க முடியலை."

அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"என்கிட்டயும் சொல்லலம்மா" என்றாள். "அவரைப் பக்கத்துக் கடைக்காரர் இழுத்துட்டு வந்தார். சட்டைல ரெண்டு பட்டன் மாத்திப் போட்டிருந்தது. ஒத்தைக் கையால போட்டிருக்கார்னு பாத்ததும் தெரிஞ்சுது. 'எங்க வலிக்குது'ன்னு கேட்டேன். 'ஒண்ணும் இல்ல, நல்லா இருக்கேன்'னார்."

மகள் அவளையே பார்த்தாள். "உங்ககிட்டயுமா?"

"இப்பவும் அதேதான். நான்தான் நடக்கறதை, திரும்பறதை வச்சுக் கண்டுபிடிக்கணும்."

மகள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகி, கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். அக்கா அவளைத் தொடவில்லை. தட்டை மட்டும் வாங்கி வைத்தாள்.

8

இரண்டு பேரும் ஹாலுக்குப் போனார்கள். கண்ணாடிக்காரர் கிண்ணத்தில் பாதியை முடித்திருந்தார்.

"அப்பா, கையைத் தூக்குங்க" என்றாள் மகள்.

"எதுக்கு?"

"தூக்குங்க, பாக்கணும்."

அவர் பிஸ்கட்டோடு கையை மெதுவாகத் தூக்கினார். தோள் வரை சிரமமில்லாமல் வந்தது. அதற்கு மேல் முகம் இறுகியது. மகள் பதறிப்போய் முழங்கையைப் பிடித்தாள்.

"அங்க பிடிக்காத, வலிக்கும்" என்று அக்கா வந்து மகளின் கையை எடுத்து, அவர் முதுகில் தோள்பட்டை எலும்பின் மேல் வைத்தாள். "இங்க. அழுத்த வேண்டாம், சும்மா வை. எலும்பு நகர்றது தெரியுதா?"

"தெரியுது."

"அது கூடவே போ. இழுக்காத."

கை காதைத் தாண்டி மேலே போனது. மகள் மூச்சை விட்டாள்.

"ரெண்டு பேரும் சேந்து என்னைப் பிடிச்சு வச்சாச்சு" என்றார் கண்ணாடிக்காரர். "பிஸ்கட்டையாவது யாராவது வாங்குங்க, சட்டைல சொட்டுது."

"வலிக்குதா?" என்று மகள் கேட்டாள்.

அவர் வாயைத் திறந்தார், இரண்டு பேரையும் பார்த்தார், மூடினார். பிறகு, "கொஞ்சம்" என்றார்.

அங்கே எனக்கு இனி வேலை இல்லை என்று தோன்றியது. சொல்லிக்கொள்ளாமலே இறங்கி வந்துவிட்டேன்.

9

இனி முடிவு. இரண்டு எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்று: பதிவு அலுவலகம், சாட்சிக் கையெழுத்து மகளுடையது. அழகாக இருக்கிறது. அதனாலேயே சந்தேகமாகவும் இருக்கிறது.

இரண்டு: கல்யாணம் நடக்கவில்லை. மூன்று பேரும் நண்பர்களாக— இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கே மனசு வரவில்லை.

அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். "நான் டம்ளரை ரெண்டாவது தடவை கழுவலை" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. கண்ணாடிக்காரர் படித்துவிட்டு, நல்லா இருக்கு என்றார். அவர் அப்படித்தான் சொல்வார்.

நேற்று மகள் படியேறிப் போனாள். இது எத்தனையாவது முறை என்று நான் எண்ணவில்லை. நிறுத்திக் கேட்டேன்.

"சரின்னு நான் சொன்னதா எழுதிடாதீங்க" என்றாள். "வேண்டாம்னு சொன்னதாவும் எழுதாதீங்க. நான் இன்னும் வந்துட்டுப் போயிட்டுதான் இருக்கேன்." இரண்டு படி ஏறித் திரும்பினாள். "ஆமா, கதையில என்னை எங்க விட்டிருக்கீங்க?"

"ஹால்ல. அப்பா முதுகுக்குப் பின்னாடி, நின்னுட்டு."

"அன்னிலேருந்து நின்னுட்டேவா இருக்கேன்? ஒரு நாற்காலியாவது போடுங்க."

போட்டுவிட்டேன். மேசைக்குக் கிட்டே, அப்பாவுக்கும் அக்காவுக்கும் நடுவில். உட்காருவாளா என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதவும் மாட்டேன். நான் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கீழே போகிறேன். நீங்கள் கொஞ்ச நேரம் இருங்கள். அவளை அவசரப்படுத்தாதீர்கள்.