இன்பாஸ் செய்யாத சத்தியம்

1.
இந்தக் கதைக்குக் காரணம் கோயில் திருவிழா மலரில் காலியாகக் கிடந்த ஒரு பக்கம். எதையாவது எழுதித் தாருங்கள் என்றார்கள். புனித பிலிப் நேரியைப் பற்றி எழுதிக் கொடுத்தேன். ஊர் தன்னைக் கும்பிடாமல் பார்த்துச் சிரிக்கட்டும் என்று பாதித் தாடியை மட்டும் மழித்துக்கொண்டு தெருவில் போன மனிதர். அவருடைய காலை மன்றாட்டின் சாரம் இது: ஆண்டவரே, இன்றைக்கு என்னை நம்பாதேயும்; என்மேல் ஒரு கண் வைத்திரும், விட்டால் உம்மைக் காட்டிக்கொடுத்துவிடுவேன்.

யாரும் வாசிக்கமாட்டார்கள் என்று நிம்மதியாக இருந்தேன். இன்பாஸ் வாசித்துவிட்டான்.

2.
முதல் தொடக்கம்: நிலாவெளிக் கடலில் சூரியன் மெல்ல...

(வேண்டாம். அதை ஹோட்டல்காரர்கள் போதுமான அளவு விற்கிறார்கள்.)

இரண்டாவது தொடக்கம்: இன்பாஸ் நிலாவெளியில் படகு வைத்திருப்பவன், குடிப்பவன். அவன் மனைவி மதிவதனா கோபித்துக்கொண்டு எங்கள் சாம்பல்தீவில் உள்ள தாய் வீட்டுக்கு வந்து மாரிகாலம் முழுவதும் போய்விட்டது. மாதா சுரூபத்தைத் தொட்டு, இனிக் குடிப்பதில்லை என்று சத்தியம் செய்தால் வருவேன் என்று சொல்லி அனுப்பினாள். அவன் ஏற்கெனவே மூன்று தரம் தொட்டு, மூன்று தரமும் அழுதவன். எந்தச் சத்தியமும் ஒரு கிழமையைத் தாண்டவில்லை.

(அழுகிறவன் நல்ல பாத்திரம். வாசகருக்குப் பிடிக்கும். அடுத்த பகுதியில் அவன் சிரிக்கப் போகிறான். அந்தச் சிரிப்பை என்ன செய்வதென்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.)

3.
ஞாயிறு பூசை முடிந்ததும் மதிவதனா சுரூபத்தடியில் காத்து நின்றாள். இன்பாஸ் வந்து முழந்தாளிட்டான். கையை மட்டும் நீட்டவில்லை.

“ஆண்டவரே, இண்டைக்கு என்னை நம்பாதேயும், என்னிலை ஒரு கண் வைச்சிரும். என்ரை குணம் உமக்குத் தெரியும்தானே,” என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான். அதில் நக்கல் இல்லை. சுமையை இறக்கிவைத்தவன் சிரிப்பது போல இருந்தது.

மதிவதனாவுக்குச் சத்தியம் கிடைக்காததைவிட அந்தச் சிரிப்புத்தான் தாங்கவில்லை. நேராக என்னிடம் வந்தாள்.

“நீங்கள் எழுதினதாம். கடவுளிட்டையே என்னை நம்பாதேயும் எண்டு சொல்லுற மனுசனை நான் எப்பிடி நம்புறது?”

தாழ்மை என்பது என்னவென்றால், என்று தொடங்கினேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. வசனத்தை முடிக்கவில்லை.

[அடிக்குறிப்பு: அந்தப் புனிதருக்கு மனைவி இல்லை. இது எனக்கு அப்போதுதான் உறைத்தது.]

4.
முடிவு (அ): அவன் அன்று மாலையே குடிக்கிறான். எழுதச் சுலபம், ஊரும் தலையாட்டும்.

முடிவு (ஆ): அதன்பிறகு அவன் குடியைத் தொடவே இல்லை. அடுத்த மலருக்கு ஆகும்.

இரண்டையும் எழுதி, இரண்டையும் வெட்டினேன். நடந்ததைச் சொல்கிறேன். மதிவதனா தாய் வீட்டுக்குப் போய் ஒரு பையோடு திரும்பி வந்து, நிலாவெளி பஸ்ஸுக்கு நின்றாள். பையில் ஒரேயொரு மாற்றுடுப்பு இருந்தது. ஒரு நாளைக்குத்தானா போகிறாய் என்று கேட்டேன்.

“அவர் இண்டைக்கு மட்டும்தானே கண் வைச்சிருக்கச் சொல்லிக் கேட்டவர். நாளைக்கும் கேக்கிறாரோ எண்டு பாப்பம்,” என்றாள்.

அன்று மாலை என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். அது தெரியாமல்தான் அவள் பஸ் ஏறினாள். நீங்கள் என்றால் அந்தப் பையில் எத்தனை உடுப்பு வைத்திருப்பீர்கள்?