செங்கல் நிறம்

வேலாயி ஓடிக்கொண்டிருந்தாள். முந்தானையில் சுற்றி மார்போடு அணைத்திருந்த பூனை வெட்டி வெட்டி இழுத்தது.

"குறுக்குப் பாதையில இறங்கு! ரோட்டுல போனா வழியிலயே செத்துரும்!" பங்களா குசினி வாசலிலிருந்து சமையல்கார மூக்கன் கத்தினான்.

தேயிலைச் செடிகளுக்கு நடுவே செங்குத்தாக இறங்கும் பாதை. மழையில் ஊறி வழுக்கியது. விழுந்தாள். எழுந்தாள். பூனையை மட்டும் விடவில்லை. அதன் கண்கள் திறந்தே இருந்தன. ஆனால் அவளைப் பார்க்கவில்லை.

பெர்சி சாதாரணப் பூனை இல்லை. லிந்துலைப் பக்கம் வேறெந்த வெள்ளைக்காரத் தொரை வீட்டிலும் இல்லாத சீமைப் பூனை. அதற்குச் சீனி வியாதி. அதற்கான இன்சுலின் கொழும்பிலிருந்து ஐஸில் வைத்து, ரயிலேறி, நானுஓயாவில் வந்து இறங்கும். விடிந்ததும் பெர்சி தகரத் தட்டில் பெய்யும் மூத்திரத்தைப் போத்தலில் பிடித்துக் கொடுப்பது வேலாயியின் வேலை. தொரைசாணி அதை நீல மருந்தோடு கண்ணாடிக் குழாயில் காய்ச்சுவாள். நீலமாகவே இருந்தால் சீனி இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். செங்கல் நிறம் என்றால் எக்கச்சக்கம். நிறத்தைப் பார்த்துத்தான் ஊசியின் அளவு.

நாலு நாளாகச் செங்கல் நிறம். நாலு நாளாக மருந்தும் ஏறிக்கொண்டே போனது. இன்று காலை வழக்கத்தைப் போல மூன்று மடங்கு.

"பெர்சி பத்திரம், வேலாயி. நான் பன்னெண்டு மணிக்கு வரும்" என்று சொல்லிவிட்டுத் தொரைசாணி தன் காரில் நுவரெலியாவுக்குப் போனாள். இரண்டு மணி நேரத்தில் பூனை தரையில் விழுந்து இழுக்க ஆரம்பித்தது.

பூனை செத்தால் பத்துச்சீட்டுத்தான். அந்தக் காகிதம் கைக்கு வந்தால் வேலையும் போச்சு, குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போச்சு.

மருந்துக் கட்டடத்துக் கதவைத் தோளாலேயே தள்ளினாள்.

"ஐயா! காப்பாத்துங்க!"

டிஸ்பென்சர் முத்துலிங்கம் நிமிர்ந்து பார்த்தார். "பூனையா? அடிப் பாவி, நான் மனுசனுக்கு மருந்து..." அதன் இழுப்பைப் பார்த்துக் குனிந்தார். "எப்ப ஊசி போட்டாங்க?"

"ஏழு மணிக்குங்க."

"தின்னுச்சா?"

"மோந்து பாத்துட்டுத் திரும்பிருச்சுங்க."

"ஒடம்புல சொட்டுச் சீனி இல்ல! அந்தக் குளுக்கோஸ் டப்பாவ எடு. தண்ணியில கொழைச்சு ஈறுல தடவு. தொண்டையில ஊத்தாத, பொறையேறிரும்!"

வேலாயி விரலால் தடவினாள். பெர்சியின் பல் அவள் நகக்கண்ணில் வெட்டியது. ரத்தம் வந்தது. தடவுவதை நிறுத்தவில்லை. ஒரு நிமிஷம். மூன்று. ஐந்து...

இழுப்பு நின்றது.

செத்துவிட்டதா?

சொரசொரவென்று ஒரு நாக்கு அவள் விரலை நக்கியது.

வேலாயி அப்படியே சுவரில் சாய்ந்தாள். பிறகு மூலையிலிருந்த பானையில் தண்ணீர் மொண்டாள். ஒரு டம்ளர். இரண்டு. மூன்று.

"பானையில கொஞ்சம் மிச்சம் வை, தாயே" என்றார் முத்துலிங்கம்.

"ஓடி வந்தேன்லங்க."

"ஓடாத அன்னைக்கும் இதே கதைதானாமே. பீலித்தண்ணி பூரா உனக்கே பத்தலைன்னு மூக்கன் சிரிக்கிறான்."

"அவன் கெடக்கான்" என்றாள் வேலாயி, தோளிலிருந்து நழுவிய ரவிக்கையை இழுத்துவிட்டபடி. போன தைப்பொங்கலுக்குத் தைத்தது. அப்போது கச்சிதமாக இருந்தது.

முத்துலிங்கத்தின் பார்வை மேசைக்குத் திரும்பியது. இழுப்பில் பூனை ரப்பர் விரிப்பை நனைத்திருந்தது. சொட்டுக்குழாயால் அதை உறிஞ்சி, நீல மருந்தில் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். கொதித்தது.

நீலம்.

இன்னும் காய்ச்சினார். நீலமேதான்.

"வேலாயி, காலையில என்ன நெறம்?"

"செங்கல்லுங்க."

"நேத்து?"

"அதேதாங்க."

அவர் முகம் மாறியது. "இந்தப் பூனைக்குச் சீனி வியாதி எறங்கிப்போச்சு. சில பூனைக்கு அப்படி ஆகும். அப்ப தொரைசாணி காய்ச்சினது என்னது? யாரோ போத்தல்ல தேனைக் கலந்து ஏமாத்திருக்கான். கொலைகாரப் பய!"

வேலாயி பானைப் பக்கம் திரும்பினாள். நாலாவது டம்ளரை மொண்டாள்.

"வேற யாரு? மூக்கன்! குசினியில தேன் அவன் கையிலதான. 'பூனைக்கு ஊசி, எம்புள்ளைக்கு ஒரு மருந்து வில்லைக்கும் வழியில்ல'ன்னு போன மாசம் என்கிட்டயே கத்தினான்."

வளைவில், தோட்டத்தைச் சுற்றிப் பார்க்க வரும் தொரையின் கார் ஹாரன் கேட்டது. முத்துலிங்கம் கோட்டை மாட்டினார்.

"தொரைகிட்ட இப்பவே சொல்லிர்றேன். சாயங்காலத்துக்குள்ள அவன் கையில பத்துச்சீட்டு."

மூக்கனுக்கு ஆறு பிள்ளைகள். கடைசிக் குழந்தைக்கு இன்னும் பல் முளைக்கவில்லை.

"அவன் இல்லைங்க!" வேலாயி வாசலை மறித்து நின்றாள். "தேனும் இல்ல, ஒண்ணும் இல்ல. நாலு நாளா பூனை தகரத்துல மூத்திரம் போகலைங்க. விடியுமுன்ன சன்னல் வழியா தேயிலைக்குள்ள பாய்ஞ்சிருது. நான் வெறும் போத்தலோட போய் நின்னா தொரைசாணி சும்மா விடுவாங்களா? மறுபடியும் மலைக்குக் கொழுந்தெடுக்கத் தொரத்திருவாங்க. இந்த ஒடம்போட மலையேற முடியுமாங்க? நாலடி ஏறினாலே கண்ணு இருட்டுது."

"அப்ப... போத்தல்ல இருந்தது?"

கார் கட்டடத்துக்கு வெளியே வந்து நின்றது. கதவு திறக்கும் சத்தம். முத்துலிங்கம் அசையவில்லை. அவளுடைய குழிவிழுந்த கன்னத்தையும், நழுவும் ரவிக்கையையும், கையில் காலியாகிவிட்ட நாலாவது டம்ளரையும் இப்போதுதான் முதல்முறை பார்ப்பவர் போலப் பார்த்தார்.

"யாரோடது வேலாயி அது?"

"என்னோடதுங்க" என்றாள். "மனுசனோடதுன்னா அப்படித்தான் செவக்கும்னு நெனச்சேங்க, ஐயா."