இருபத்து நாலு மில்லி

ஞாயிறு காலை ஆறு இருபது. ஹாலுக்கு வந்து மீன் தொட்டியின் விளக்கைப் போட்டேன். போட்ட கை சுவிட்சிலேயே நின்றுவிட்டது.

தொட்டித் தண்ணீர் பால் கலந்தது போல வெளுத்திருந்தது. மஞ்சள் டாங் மீன் மணலில் பக்கவாட்டில் கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் இரண்டு நீல டாம்சல். பாறை இடுக்கில் வால் மட்டும் தெரிந்தபடி இன்னொன்று. பவளங்கள் அத்தனையும் முஷ்டியை மூடிக்கொண்ட மாதிரி சுருங்கியிருந்தன.

நாலு வருஷத் தொட்டி. நானூறு லிட்டர் உப்புத் தண்ணீர், பதினோரு மீன். நேற்று விளக்கை அணைக்கும்போது பதினொன்றும் நீந்திக்கொண்டிருந்தன.

"என்னங்க! டேய் தம்பி! ரெண்டு பேரும் ஓடி வாங்க!"

தம்பிதான் முதலில் வந்தான். 'என்ன ஆச்சு' என்று கேட்கவில்லை. குனிந்து பார்த்தான், நிமிர்ந்தான்.

"அக்கா, மேல பாரு. உயிரோட இருக்கறதெல்லாம் மேல வந்து வாயைப் பொளக்குது. மூச்சு முட்டுதுக்கா."

உண்மைதான். கோமாளி மீன் ஜோடி மோட்டார் வாய்க்குப் பக்கத்தில் தண்ணீர் மட்டத்தோடு ஒட்டிக்கொண்டு திணறியது.

அடுத்த ஒரு மணி நேரம் யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். பழைய காற்று மோட்டாரைப் பரணிலிருந்து இறக்கி, ஒயரைச் சீவி, மூன்றே நிமிடத்தில் ஓட விட்டார். தம்பி பால்கனி டிரம்மில் கலந்து வைத்திருந்த உப்புத் தண்ணீரை வாளி வாளியாகச் சுமந்தான். நான் வெளுத்த தண்ணீரைக் குழாய் போட்டு உறிஞ்சி வெளியே விட்டேன்.

ஏழரைக்குக் கணக்கு தெரிந்துவிட்டது. செத்தது ஏழு. மிச்சம் நாலு.

செத்ததை எல்லாம் தம்பிதான் எடுத்தான். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பேப்பரில் சுற்றினான்.

"ஏண்டா, மொத்தமா ஒரு கவர்ல போட்டா போதாதா?" என்றார் இவர்.

"இருக்கட்டும் மாமா. நேத்து வரைக்கும் தனித்தனியாத்தானே இருந்துச்சுங்க."

இன்னும் உப்பு வேண்டும். மீன் கடைக்காரர் கடைக்கு மேலேயே குடியிருப்பவர். தம்பியை அங்கே அனுப்பிவிட்டு, அவருக்குப் போன் போட்டேன். கை ஈரம் என்பதால் ஸ்பீக்கரில் வைத்தேன். அப்படி வைக்காமல் இருந்திருக்கலாம்.

"பூச்சி மருந்து ஏதாவது அடிச்சீங்களாம்மா?"

"இல்லீங்க."

"இறால் இருக்கா?"

"ரெண்டும் நடமாடுது."

"அப்ப விஷம் இல்ல. விஷம்னா இறால்தான் முதல்ல போகும். தண்ணி வெளுத்திருக்குங்கறீங்க, மீன் மேல வருதுங்கறீங்க. பாக்டீரியா பெருத்துப்போயி காத்தை எல்லாம் குடிச்சிருக்கு. நேத்து என்ன ஊத்துனீங்க?"

"வழக்கமா ஊத்தறதுதான். வோட்கா."

சிரிக்காதீர்கள். பவளத் தொட்டி வைத்திருப்பவர்களில் சிலர் செய்கிற வேலைதான் இது. மீன் கழிவிலிருந்து நைட்ரேட் என்றொரு உப்பு தண்ணீரில் சேரும். அதைத் தின்னும் நல்ல பாக்டீரியாவுக்கு வோட்கா தீனி. சிரிஞ்சில் உறிஞ்சி, தினம் சில மில்லி. நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். மில்லி என் கையில் தப்பாது.

"எத்தனை மில்லி?"

"இருபத்து நாலு."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது.

"ஏம்மா, உங்க தொட்டிக்கு ஆறுதானே சொன்னேன்?"

"ஆறு வாரமா நைட்ரேட் ஏறிக்கிட்டே போச்சு. கொஞ்சம் கொஞ்சமா கூட்டினேன். ஒண்ணும் ஆகலையே."

"பழைய பாட்டிலா, புதுசா?"

"நேத்து சாயங்காலம்தான் புதுசு மாத்தினேன்."

"அப்ப வெளங்கிருச்சு. புதுசுல சரக்கு இருந்திருக்கு. பழைய பாட்டில்ல வெறும் தண்ணிதாம்மா இருந்திருக்கு."

போனை வைத்தேன். நிமிர்ந்தால், எதிரே இவர். கையில் ஸ்க்ரூடிரைவர் அப்படியே நின்றது.

"வோட்கா எப்படிடி தண்ணியாச்சு?" என்றார்.

பதில் எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். தெரிந்த பதில் உப்பு வாங்கப் போயிருந்தது.

தம்பி ஏழு வருஷம் குடித்தவன். கல்யாணம் போனது அதில்தான், வேலை போனதும் அதில்தான். விட்டு எட்டு மாதம் ஆகிறது. எங்களோடு வந்து ஆறு வாரம். நாளைக்குக் காலை எட்டு மணிக்கு இவருடைய கம்பெனியில் ஹெல்பராகச் சேர வேண்டும். 'என் மச்சான், நான் பொறுப்பு' என்று இவர் மேனேஜரிடம் வாயால் சொல்லி வாங்கிய வேலை.

அவன் வருவதற்கு முந்தின நாள் நான் ஒரு காரியம் செய்தேன். அப்போதுதான் உடைத்திருந்த வோட்காவை லேபிலிருந்து கொண்டுவந்த பழுப்பு பாட்டிலில் மாற்றினேன். 'மீன் மருந்து' என்று என் கையாலேயே எழுதி ஒட்டி, தொட்டிக்குக் கீழே இருக்கும் அலமாரியில் வைத்தேன். அப்படி ஒரு பாட்டில் அவன் கண்ணிலேயே படக்கூடாதாம்; தினமும் ஊற்றியதும் அவன் தூங்கின பிறகுதான். என் புத்திசாலித்தனம்! பதினோரு வருஷம் லேபில் ஸ்பிரிட்டை மோந்து மோந்து செத்துப்போன மூக்கு எனக்கு. உள்ளே இருப்பது வோட்காவா, தண்ணீரா என்று என் மூக்குக்குத் தெரியாது. கண்ணுக்கும் தெரியாது.

"நாளைக்கு அவனை எங்க நிக்க வெக்கப்போறேன் தெரியுமா?" இவர் குரல் தணிந்திருந்தது. கத்தியிருந்தால் தேவலை. "பதினாலு மாடிக் குழிக்கு மேல. அவன் கையில ஒரு நடுக்கம் வந்தா போறது அவன் மட்டும் இல்ல, கீழ நிக்கிறவனும்தான்."

"அவனைக் கேக்காம முடிவு பண்ணாதீங்க."

"கேக்கறேன். உன் முன்னாடியே கேக்கறேன்."

உப்பு மூட்டையைத் தோளில் வைத்தபடி அவன் உள்ளே வந்தான். எங்கள் முகத்தைப் பார்த்தான். மூட்டையை இறக்கவில்லை.

"கோமாளியும் போயிருச்சா?"

"மீனை விடு," என்றார் இவர். "கீழ அலமாரியில ஒரு பழுப்பு பாட்டில் இருந்துச்சே. அதுல தண்ணி ஊத்தினது நீயா?"

மூட்டை மெல்லக் கீழே இறங்கியது.

"ஆமா மாமா."

"குடிச்சியா?"

"இல்ல."

"அப்ப உள்ள இருந்தது எங்கடா போச்சு, ஆவியா?"

"சிங்க்ல கொட்டினேன். நான் வந்த ரெண்டாம் நாள். மீன் தீனி எடுக்கத்தான் அலமாரியைத் தொறந்தேன். மூடி சரியா இறுகல. அந்த வாசனை எனக்குத் தெரியாதா மாமா? நாலு தெரு தள்ளி இருந்தாலும் தெரியும்." மூட்டையை ஓரமாக நகர்த்தினான். "கொஞ்ச நேரம் கையில வெச்சுக்கிட்டு நின்னேன். பொய் சொல்லல, நின்னேன். அப்புறம் கொட்டிட்டு ஃபில்டர் தண்ணியைப் புடிச்சு வெச்சுட்டேன்."

"என்கிட்ட ஏண்டா சொல்லல?" என்றேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. இவரைத்தான் பார்த்தான்.

"மாமாவோடதுன்னு நெனச்சேன். நான் இருக்கேன்னு சங்கடப்பட்டு, மீன் மருந்துன்னு எழுதி ஒளிச்சு வெச்சுக் குடிக்கிறார்னு நெனச்சேன். தண்ணி ஊத்தினப்புறம் அவர் ஒண்ணுமே கேக்கல. சரி, புரிஞ்சிருச்சு, எனக்காக அவரும் விட்டுட்டார்னு... அன்னிலேருந்துதான் மாமா மேல எனக்கு அவ்வளவு மரியாதை."

வேறு நாளாக இருந்தால் மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்திருப்போம்.

இவர் சிரிக்கவில்லை. "கதை நல்லா இருக்கு மாப்ள. ஆனா இந்த ஏழு வருஷத்துல நீ எத்தனை கதை சொல்லியிருக்கே? எல்லாமே நல்லாத்தான் இருந்துச்சு."

தம்பி தலையாட்டினான். உள்ளே போனான். பையின் ஜிப் திறக்கிற சத்தம் கேட்டது.

இங்கிருந்து போனால் அவன் எங்கே போவான்? பழைய கூட்டாளிகளின் அறைக்கு. எட்டு மாதம் எட்டு நாளில் கரைந்துவிடும். எனக்கு அழக்கூட நேரமில்லை. கொட்டியதற்கு யார் சாட்சி? சிங்க் வாய் திறந்து பேசுமா?

பேச ஒன்று இருந்தது. தொட்டிக்குப் பக்கத்தில், கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட என் நோட்டு.

லேப் பழக்கம். வாரம் இரண்டு தடவை தண்ணீரைச் சோதித்து, தேதி, நைட்ரேட், ஊற்றிய மில்லி என்று எழுதிவிடுவேன். புரட்டினேன். தம்பி வருவதற்கு முன் ஐந்து மாத நைட்ரேட்: ஐந்து, ஐந்து, நாலு, ஐந்து. ஆறு மில்லிக்கே அடங்கிக் கிடந்தது. அவன் வந்த வாரம்: எட்டு. அப்புறம் பன்னிரண்டு. பதினாறு. இருபது. மருந்தை எட்டாக்கினேன், பன்னிரண்டாக்கினேன், பதினெட்டாக்கினேன். எண் ஒரு தடவைகூட இறங்கவில்லை.

நோட்டைத் தூக்கிக்கொண்டு இவரிடம் ஓடினேன்.

"திருட்டுத்தனமா குடிக்கிறவன் எப்படிக் குடிப்பான்? தினம் ஒரு மொடக்கு, அதுக்கு ஈடா கொஞ்சம் தண்ணி. அப்ப மருந்து மெதுவாத்தானே நீர்த்துப்போகும்? நான் அளவைக் கூட்டும்போது முதல் ரெண்டு வாரமாவது எண் கொஞ்சம் இறங்கியிருக்கணும். இறங்கவே இல்லையே! முதல் வாரத்துலேருந்தே பாட்டில்ல சுத்தத் தண்ணி. ஒரே தடவையில காலியாகியிருக்கு."

"ஒரே தடவையில குடிச்சிருப்பான்."

"முழு பாட்டிலையா? அவன் வந்த ரெண்டாம் நாள் என்ன நாள்னு நெனச்சுப் பாருங்க. நீங்க லீவு போட்டு வீட்லதான் இருந்தீங்க. ரெண்டு பேரும் சேர்ந்து என்ன பண்ணீங்க?"

அவர் யோசித்தார். பிறகு மெதுவாகத் திரும்பி ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலுக்கு மேலே கர்ட்டன் கம்பி. அன்றைக்கு இவர் ஏணியைப் பிடித்துக்கொள்ள, தம்பி மேலே ஏறி நின்று, டிரில்லால் துளை போட்டு மாட்டிய கம்பி.

இவர் டூல் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்தார். நாற்காலியில் ஏறினார். கம்பி மேல் வைத்தார். குமிழி நகர்ந்தது, நகர்ந்தது, நடுக்கோட்டுக்குள் வந்து நின்றது.

ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இறங்கி நேராக அறை வாசலுக்குப் போனார். "மாப்ள, பையை உள்ள வை. ஏழு மணிக்குக் கிளம்பணும். ஷூவைத் தொடச்சு வை. மேனேஜர் ஒரு மாதிரி, காலைப் பாத்துட்டுத்தான் மூஞ்சியைப் பாப்பான்."

உள்ளே இருந்து ஜிப் மூடுகிற சத்தம் மட்டும் கேட்டது. கிளம்பவா, தங்கவா, எதற்கு மூடினான் என்று புரியாமல் நான் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து, கட்டிலுக்கு அடியில் பை தள்ளப்படும் ஓசை கேட்டது. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தொட்டிக்குக் கீழே அலமாரியைத் திறந்தேன். பழுப்பு பாட்டில், நேற்று நான் நிரப்பியது. இதை ஒழித்துக்கட்டத்தான் எடுத்தேன், சத்தியமாக. ஆனால் கை அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கியது. கண் உள்ளே இருந்த மட்டத்தைத் தேடியது. கழுத்து வரை நிரப்பி, இருபத்து நாலு மில்லி எடுத்தால் எங்கே நிற்க வேண்டுமோ, சரியாக அங்கேதான் நின்றது.

நிம்மதியாகத் திரும்பினேன். பின்னால் தம்பி.

"அளந்து பாத்தியாக்கா?"

பொய் சொல்ல நாக்கு எழவில்லை. "பாத்தேன்."

"சரியா இருந்துச்சா?"

"இருந்துச்சுடா."

"ம்." உப்பு மூட்டையின் வாயைக் கத்தரித்தான். "பரவால்லக்கா. நானா இருந்தாலும் பாத்திருப்பேன்." குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னை அறுத்தது.

பாட்டிலை அவனிடம் நீட்டினேன். "நீயே கொட்டு."

"நான் தொடமாட்டேன். நீ ஊத்து. நான் பால்கனில நிக்கிறேன்."

சமையலறைக் கதவைச் சாத்தினேன். ஜன்னலைத் திறந்தேன். பாட்டிலைச் சிங்கில் கவிழ்த்தேன். கடகடவென்று போனது. எனக்கு அது தண்ணீர் மாதிரிதான் இருந்தது. ஒரு வாசனையும் இல்லை. இனிமேல் நைட்ரேட்டைக் குறைக்க வாளியும் கையும்தான் வழி. வாரா வாரம் தண்ணீர் மாற்ற வேண்டும். இடுப்பு ஒடியும். ஒடியட்டும்.

ஹாலில் காற்று மோட்டார் கரகரத்தது. கோமாளி ஜோடியில் ஒன்று கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. இன்னொன்று இன்னும் மேலேயேதான் வாயைத் திறந்து திறந்து மூடியது.

"தம்பி," பால்கனிப் பக்கம் கூப்பிட்டேன். "வாசனை போயிருச்சாடா?"

"இன்னும் இருக்குக்கா. தண்ணியை நல்லாத் தொறந்து விடு."

குழாயை முழுசாகத் திறந்துவிட்டேன். அவன் 'போதும்' என்று சொல்லும் வரைக்கும் மூடுவதாக இல்லை. அவன் சொல்ல ரொம்ப நேரம் ஆனது.