நான்காவது மாடிக்குத் திரும்பிய நாவல்

வெளியீட்டு விழாவில் தலைமை விருந்தினர் நாவலைப் பற்றி முப்பத்தெட்டு நிமிடம் பேசினார். பேசி முடித்து உட்கார்ந்தபோது அவர் கையில் நாவல் இல்லை. அது லிஃப்ட்டில் ஏறி, எழுதியவர் குடியிருக்கும் நான்காவது மாடிக்குப் போய்விட்டிருந்தது. நாவலை எழுதிய மெக்கானிக் விழா முடிந்து வீடு திரும்பி, கீழ்த்தளத்தில் பொத்தானை அழுத்தினார். நான்கிலிருந்து இறங்கி வந்த லிஃப்ட்டின் தரையில், தலைமை விருந்தினருக்கு அவர் தன் கையால் பெயர் எழுதிக் கொடுத்த பிரதி கிடந்தது. மறதியாக விட்டதை யாரோ நல்ல மனிதர் கொண்டுவந்து போட்டிருக்கிறார் என்று நினைத்தார். மறுநாள் போன் செய்து நன்றி சொன்னபோது, தலைமை விருந்தினரான அந்த முன்னாள் கல்லூரி முதல்வர், "என் மேசை மேலதான் சார் இருக்கு. இப்பகூட ஒரு தடவை புரட்டினேன்" என்றார். மெக்கானிக் தன் இடது கையில் இருந்த பிரதியைப் பார்த்தார். ரொம்ப நன்றி சார் என்று சொல்லி போனை வைத்தார்.

அவர் இருபத்தாறு வருடமாக லிஃப்ட் பழுது பார்ப்பவர். நாவலை நான்கு வருடம் எழுதினார், கட்டடங்களின் உச்சியில் மோட்டார் அறைகளில் உட்கார்ந்து, சர்வீஸ் தாள்களின் பின்பக்கத்தில். பூமியிலிருந்து விண்வெளி நிலையம் ஒன்றுக்கு ஒரு லிஃப்ட் ஏறுகிறது. போய்ச் சேர முப்பத்தோரு வருடம் ஆகும். ஏறியவர்களில் சிலர் உள்ளேயே கல்யாணம் செய்துகொள்கிறார்கள். அங்கே பிறந்து தரையையே பார்த்திராத ஒரு பெண், லிஃப்ட்டை நடுவில் நிறுத்தும் பொத்தானைத் தேடுகிறாள். இரண்டு பதிப்பகங்கள் பதில் போடவில்லை. மூன்றாவது, விண்வெளியெல்லாம் இப்போது போகாது என்றது. அவரே ஐநூறு பிரதி அச்சடித்தார். ரசீதுப் புத்தகமும் துண்டுப் பிரசுரமும் போடுகிற அச்சகம். அட்டையில் ராக்கெட் இருந்தது. கதையில் ராக்கெட்டே கிடையாது என்று மெக்கானிக் சொல்லிப் பார்த்தார். "விண்வெளிக் கதைன்றீங்க, ராக்கெட் இல்லன்னா யார் சார் கையில எடுப்பா?" என்றார் அச்சகக்காரர். ராக்கெட் அட்டையிலேயே நின்றது.

மற்றப் பிரதிகளும் திரும்ப ஆரம்பித்தபோது, தன் தொழிலில் செய்வதைத்தான் மெக்கானிக் செய்தார். தண்டவாளம், பிரேக், கதவு, மின்பலகை எல்லாவற்றையும் சோதித்தார். ஒரு குறையும் இல்லை. ஒவ்வொரு முறையும் லிஃப்ட் கீழ்த்தளத்தில் தானாகக் கதவை மூடி, சரியாக முந்நூற்று எண்பது கிராம் சுமையோடு ஏறியது. நாவலின் எடை அது. பிறகு ஒரு சர்வீஸ் தாளில் நேரம் குறித்து வைத்தார். காலை பத்து ஐந்துக்குப் பழைய மேலாளரிடம் பேசினார். பிரமாதம், ஒரே மூச்சில் முடித்துவிட்டேன் என்றார் அவர். பத்து இருபதுக்கு லிஃப்ட் வந்தது. பதினொன்றே காலுக்குச் சித்தப்பா மகன். கடைசி அத்தியாயம் கலக்கிட்டீங்க அண்ணே என்றான். பதினொன்றரைக்கு லிஃப்ட் வந்தது. பன்னிரண்டு வரிகள் எழுதிய பின் விஷயம் தெளிவாயிற்று. படிக்காதவர் பிரதி வருவதில்லை. படிக்காமல் படித்ததாகச் சொன்னவர் பிரதிதான் வந்தது.

விளம்பர வேலை முழுவதையும் மச்சினன் எடுத்துக்கொண்டிருந்தான். மனைவியின் தம்பி, போனில் ஆயிரத்து இருநூறு பேர் வைத்திருப்பவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தனை பேருக்கும் செய்தி அனுப்பி, இணையத்தில் ஐந்து நட்சத்திரம் போடச் சொன்னான். மாலைக்குள் நாற்பத்தோரு விமர்சனங்கள் வந்தன, அத்தனையும் ஐந்து நட்சத்திரம். லிஃப்ட் நாற்பத்தோரு முறை ஏறியது. காய்கறிப் பையோடு கீழே நின்றவர்கள் படியேறினார்கள். முப்பத்தெட்டாவது முறையோடு மோட்டார் சூடாகி நின்றுவிட, மெக்கானிக்கே போய் எண்ணெய் போட்டு ஓட வைத்தார். மீதமிருந்த மூன்று பிரதிகள் வந்து சேர்ந்தன. குடியிருப்போர் சங்கச் செயலாளர் வாசலுக்கே வந்துவிட்டார்.

"சார், உங்க புத்தகத்தைப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா லிஃப்ட் எல்லாருக்கும் பொது. உங்க ஆளுங்க கொஞ்சம் கம்மியா புகழக் கூடாதா?"

"நீங்க படிச்சீங்களா சார்?" என்று கேட்டான் மச்சினன், பேச்சை மாற்ற.

"எனக்கு அதெல்லாம் ஏறாது தம்பி. கட்டில் கால் ஒண்ணு ஆடிக்கிட்டே இருந்தது. அடியில வச்சிருக்கேன், ஆட்டம் நின்னுடுச்சு."

செயலாளரின் பிரதி கடைசிவரை அசையவில்லை.

ஒரு வருடத்துக்குள் விஷயம் ஊர் முழுக்கப் பரவி, அங்கே இதுவரை இல்லாத ஒரு பழக்கம் வந்தது. புத்தகத்தைப் பற்றிக் கேட்டால் ஜனங்கள் உண்மையைச் சொன்னார்கள். வாங்கி வச்சிருக்கேன் என்றார்கள். பன்னிரண்டாம் பக்கத்துல நிக்கறேன் என்றார்கள். இரண்டு தெரு தள்ளியிருந்த கவிஞர் ஒருவர், இது நம்ம புத்தகத்துக்கும் வருமா என்று மெக்கானிக்கிடம் விசாரிக்க வந்து, டீ குடித்து, வேண்டாம் என்று தானே முடிவு செய்து போனார். அதற்குள் முந்நூற்றுப் பன்னிரண்டு பிரதிகள் திரும்பியிருந்தன. அவற்றைச் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் சுவரோடு அடுக்கியதில் வாசல் ஒரு சாண் குறுகியது.

இதெல்லாம் மெக்கானிக்குக்குப் பெரிதாக வலிக்கவில்லை. அவர் எதிர்பார்த்துப் பயந்தது ஒரே ஒரு பிரதியை. அச்சகத்திலிருந்து வந்த கட்டைப் பிரித்து, முதலாவதை எடுத்து, "என் முதல் வாசகிக்கு" என்று எழுதி மனைவியிடம் கொடுத்திருந்தார். அவள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். காலையிலிருந்து மாலைவரை அடுத்தவர்களை வரி வரியாக எழுத்து படிக்கச் சொல்வது அவள் வேலை. வீட்டுக்கு வந்து எழுத்தைப் பார்க்க அவளுக்குப் பிடிக்காது. பிரதியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனாள். கடையில் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன் என்றாள். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை இல்லை. அவரும் கேட்கவில்லை. கேட்டால் படிக்கவில்லை என்பாள், அது பரவாயில்லை. அவர் மனம் நோகக் கூடாது என்று படித்தேன் என்றுவிட்டால் லிஃப்ட் வரும். அதை அவரால் தாங்க முடியாது. கடையில் யாராவது அவளைக் கேட்டுவைத்தால் என்ன ஆகும் என்ற பயமும் இருந்தது. அதனால் லிஃப்ட் வந்து ஆளில்லாமல் கதவு திறக்கும்போதெல்லாம் முதல் ஆளாக ஓடினார். பிரதியை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்து, வேறு யார் பேராவது இருந்தால் மூச்சு விட்டார். முந்நூற்றுப் பன்னிரண்டு முறை அப்படி மூச்சு விட்டிருக்கிறார்.

மற்றபடி வீட்டில் பேச்சு எப்போதும் போலத்தான் நடந்தது. சாப்பிடும்போது அவர் லிஃப்ட்டைப் பற்றிப் பேசுவார், அவள் கேட்பாள். கதவைக் காலால் நிறுத்துகிறவர்கள், ஒரே பொத்தானை ஏழு முறை குத்துகிறவர்கள், லிஃப்ட் ஏறும்போது கயிற்றின் மறுமுனையில் இறங்குகிற எதிர் எடையைப் பற்றி நினைத்தே பார்க்காதவர்கள் எல்லோரும் அந்த மேசையில் திட்டு வாங்குவார்கள். அவளுக்குப் பழகிவிட்டது. குழம்பை எடுத்து வைத்துவிட்டு அடுத்த திட்டுக்குக் காத்திருப்பாள்.

இரண்டாம் வருடம் மச்சினன் புதிய திட்டத்தோடு வந்தான். வீடியோ எடுத்துப் போட வேண்டும். எழுத்தாளரின் குடும்பமே பேச வேண்டும். அதற்குத்தான் இப்போது மதிப்பு. அக்கா இஸ்திரி போட்ட துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவன் போனைத் தன் முகத்துக்கு நேராகப் பிடித்தான்.

"எல்லாருக்கும் வணக்கம். இந்த நாவலை நான் மூணு தடவை படிச்சேன். மூணு தடவையும் அழுதேன். இப்ப எழுத்தாளர் வீட்லருந்தே ஒரு வார்த்தை." போன் திரும்பியது. "அக்கா, நீ படிச்சியா?"

மெக்கானிக் எழுந்துவிட்டார். "டேய், அதை நிறுத்து. அவளை ஏன்டா இழுக்கறே?"

"ஒரே ஒரு வார்த்தை அத்தான்."

"படிச்சேன்" என்றாள் அவள், சட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கீழே லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது. மற்ற இருவருக்கும் அது கேட்டிருக்காது. பிரேக் விடுகிற சத்தம், கயிறு இழுபடுகிற சத்தம், ஒன்றாம் மாடி, இரண்டாம் மாடி, மூன்றாம் மாடியில் எப்போதும் வருகிற சிறிய உதறல், எல்லாம் மெக்கானிக்கின் காதில் வரிசையாக விழுந்தன. படிக்கலன்னு சொல்லியிருக்கலாமே என்று நினைத்தார். செருப்பு போடாமல் வெளியே போனார். கதவு திறந்தது. பிரதி, அட்டையின் ராக்கெட் மேலே தெரியக் கிடந்தது. எடுத்தார். திறக்கவில்லை. கதவு ஒரு முறை மூடி, அவர் காலில் இடித்து, மறுபடி திறந்தது. பிறகு திறந்து பார்த்தார். "எனக்காக அலைந்த மச்சினனுக்கு" என்று எழுதியிருந்தது.

உள்ளே வந்து அதை மச்சினன் மடியில் வைத்தார்.

"மூணு தடவை அழுதியாடா?"

"விளம்பரத்துக்குப் பேசறது பொய்ல சேராதுன்னு நினைச்சேன் அத்தான்."

"எத்தனை பக்கம் படிச்சே?"

"நாப்பது. ராக்கெட் எப்ப வரும், எப்ப வரும்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

மெக்கானிக் கதவைப் பார்த்தபடி நின்றார். ஒரு மணி நேரம் ஆகட்டும் என்று நின்றார். அதற்குமேல் எந்தப் பிரதியும் எடுத்துக்கொண்டதில்லை. மச்சினன் பிரதியை அங்கேயே விட்டுவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கிப் போனான். லிஃப்ட் இரண்டு முறை ஓடி இரண்டு முறையும் ஆட்களோடு வேறு மாடிகளில் நின்றது. துணி அடுக்கு வளர்ந்தது. ஒரு மணி நேரம் முடிந்தது. இன்னும் பத்து நிமிடமும் முடிந்தது.

"அந்த லிஃப்ட்டுக்கு எதிர் எடை எங்கங்க?" என்று கேட்டாள் அவள்.

"எந்த லிஃப்ட்டுக்கு?"

"உங்க லிஃப்ட்டுக்குத்தான். முப்பத்தோரு வருஷம் மேல போகுது, சரி. எதிர்ல இறங்கறது எங்க? எழுபதாம் பக்கத்துல சொல்லுவீங்கன்னு பாத்தேன், இல்ல. அந்தப் பொண்ணு கூரை மேல ஏறிக் கயிறைத் தொடறாளே, அப்பவாவது பாப்பான்னு நினைச்சேன். அவளும் பாக்கல. நான்தான் விட்டுட்டேனோன்னு முதல்லருந்து இன்னொரு தடவை படிச்சேன். கல்யாணம் ஆன நாள்லருந்து சோறு போடறப்பல்லாம் அதைத்தானே சொல்றீங்க. அதைப் போய் மறப்பாங்களா?"

மெக்கானிக் அவள் மடித்து வைத்திருந்த துணிகளின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஏன் இத்தனை நாள் சொல்லல?"

"ஐநூறு அடிச்சாச்சு. சொன்னா நீங்க சாப்பிட மாட்டீங்க. எழுந்திருங்க, அது இஸ்திரி போட்டது."

அவர் எழுந்திருக்கவில்லை. தலைமை விருந்தினர் முப்பத்தெட்டு நிமிடத்தில் பதினைந்து நிமிடம் நாவலின் தொழில்நுட்பத் துல்லியத்தைப் பற்றிப் பேசியது நினைவுக்கு வந்து, வயிறு குலுங்கச் சிரித்தார். அவள் அவருக்கு அடியிலிருந்து ஒரு சட்டையை உருவி மறுபடி மடித்தாள்.

"அதுல ஆளுங்க இருக்காங்களா?"

"எதுல?"

"எதிர் எடைல. இவங்க ஏற முப்பத்தோரு வருஷம்னா, மேல இருந்து அவங்க இறங்கவும் அதே முப்பத்தோரு வருஷம்தானே. நடுவுல ஒரு நாள் ரெண்டும் பக்கத்துல பக்கத்துல போகும் இல்ல?"

அவர் சர்வீஸ் தாள் தேடினார். கிடைக்கவில்லை. மச்சினன் பிரதியின் கடைசி வெள்ளைப் பக்கத்தில் எழுத ஆரம்பித்தார்.

திரும்பி வந்த பிரதிகள் அத்தனையிலும், எதிர் எடை விட்டுப்போனதற்கு வருந்தி ஒரு துண்டுத் தாள் ஒட்டி, சுவரிலிருந்து ஒவ்வொன்றாக மறுபடி வெளியே அனுப்பினார்கள். இறங்குகிறவர்களின் கதை மூன்று வருடம் கழித்து வந்தது. அதிலும் ராக்கெட் இல்லை. அட்டையில் இரண்டு ராக்கெட் இருந்தன. முதல் பிரதி கண்ணாடிக் கடை இழுப்பறைக்கே போனது. ஏழு வாரத்தில், நூற்றுப் பத்தாம் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி எங்கே என்ற கேள்வி வந்தது. இம்முறை தொட்டி இருந்தது, ஆனால் மூன்று பக்கம் தள்ளி. மச்சினன் இரண்டாவதை உண்மையிலேயே படித்துவிட்டு, சுமார்தான் அத்தான் என்றான்.

லிஃப்ட்டுக்குள் செயலாளர் ஒரு பலகை மாட்டினார்: "படிக்காதவர்கள் படிக்கவில்லை என்றே சொல்லவும். லிஃப்ட் எல்லோருக்கும் பொது." பிரதிகள் வருவது குறைந்ததே தவிர நிற்கவில்லை. வெளியூரில் யாராவது யாரிடமாவது சொல்லிவிடுகிறார்கள். கீழே ஏறுகிறவர்கள் தரையில் புத்தகத்தைப் பார்த்தால் தாண்டி நின்றுகொண்டு, தங்கள் மாடி இரண்டாக இருந்தாலும் நான்குவரை கூடவே போய், குனிந்து எடுத்துச் செருப்பு அலமாரி மேல் வைத்துவிட்டு இறங்கிப் போகிறார்கள். மெக்கானிக் வேலை முடிந்து வந்து அதை எடுத்துச் சுவரோடு அடுக்குகிறார். யாருடையது என்று முதல் பக்கத்தைத் திறந்து பார்ப்பதில்லை.