அமரர் பிச்சையா

நான் மூன்றாம் வகுப்போடு சரி. ஆனாலும் என் பெயரை வாசிக்கத் தெரியும். அதனால்தான் அன்றைக்குக் கோவில்பட்டியில் அந்தக் கம்ப்யூட்டர் கடையில் எனக்குக் குப்பென்று வேர்த்துவிட்டது.

திரையில் மகள் வள்ளிமயிலின் கல்யாணப் பத்திரிகை. பெண்ணைப் பெற்றவன் பெயர் வரும் இடத்தில் 'அமரர் பிச்சையா' என்று நின்றது.

பக்கத்தில் மாப்பிள்ளையின் அப்பா சங்கரபாண்டியன். பத்திரிகையைச் சரிபார்க்க விளாத்திகுளத்திலிருந்து வந்திருந்தார். பல்லி கத்தினால் பயணத்தையே நிறுத்துகிற ஆள்.

"என்ன சம்பந்தி, கல்யாணத்துக்கு ஆவியாத்தான் வருவீரோ?" என்றார். சிரிக்கவில்லை.

"ஏட்டி, உசுரோடதான நிக்கேன்! கண்ணு தெரியலயா?" என்று டைப் அடிக்கிற சுகுணாவிடம் கத்தினேன்.

அவள் பதறிப்போய் வரி முழுவதையும் அழித்தாள். மறுபடி 'பிச்சையா' என்று அடித்தாள். அவள் அடிக்காத 'அமரர்' தானாக வந்து முன்னால் உட்கார்ந்தது. மூன்றாம் தடவையும் அதே கதை. மிஷினை என்றைக்குமே நான் நம்பியதில்லை.

சங்கரபாண்டியன் துண்டை உதறித் தோளில் போட்டார். "சகுனம் சரியில்ல. வீட்டுல கலந்துக்கிட்டுச் சொல்லுதேன்."

"இருங்க பெரியப்பா! மிஷினுக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் எழுதிவச்சேன்."

சுகுணா வேறொன்றைத் திறந்தாள். வரிவரியாக என்னென்னவோ இருந்தது. "இது செட்டிங் ஃபைல். இதுல எழுதுனபடிதான் அது நடக்கும்." ஒரு வரியில் விரலை வைத்தாள். பிச்சையா என்று அடித்தால் அமரர் பிச்சையா என்று மாற்றிக்கொள்ளச் சொல்லும் வரி.

"எங்கப்பா பேரும் பிச்சையாதான். செத்து மூணு மாசம் ஆவுது. வாரிசு சர்டிபிகேட்டு, கரண்டு கனெக்சன்னு எத்தன மனு! ஒவ்வொண்ணுலயும் அமரர்னு அடிக்க எனக்குக் கை வரல. அதான் இத அடிக்க வச்சேன். வேற ஒருத்தர் இதே பேரோட வருவாருன்னு நெனைக்கல."

"சரி, அந்த வரிய அழி," என்றார் சங்கரபாண்டியன். குரல் இறங்கியிருந்தது.

சுகுணாவின் விரல் அழிக்கிற பட்டன் மேலேயே நின்றது.

"அழிக்காதட்டி," என்றேன். "வேற வழி கெடையாதா?"

வரிக்கு முன்னால் வேலிப் படல் மாதிரி ஒரு குறி போட்டாள். "இது இருந்தா அந்த வரிய மிஷின் கண்டுக்காது. வரி அப்படியே கெடக்கும்."

மறுபடி அடித்தாள். வெறும் பிச்சையா. எனக்கு மூச்சு வந்தது. சங்கரபாண்டியன் இரண்டு தடவை வாசித்துவிட்டு, "அச்சுக்குக் குடு தாயி," என்றார்.

படியிறங்கும்போது திரும்பினேன். "பத்திரிகை முடிஞ்சதும் அந்தக் குறிய எடுத்துரு. உங்கப்பா மனு பாக்கி இருக்கும்லா."

"எடுத்துருதேன் பெரியப்பா."

"எனக்கு நேரம் வரும்போதும் அதே வரி போதும்—"

சங்கரபாண்டியன் என் வாயைப் பொத்தி வெளியே இழுத்தார்.